அப்பாவின் மாத்திரை

தலைவலித் தைலம் ஒன்று போதும் என்றான்.

போதாது. பின்கழுத்து இறுகிக் கிடந்தது. பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகிறது. கொடுக்க வேண்டிய கடைக்காரர் எதிரே நிற்கிறார், கேட்க முடியவில்லை.

பக்கத்தில் அப்பா.

ஊரிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான், கூடவே. மெடிக்கல் வரைக்கும் போய்வருகிறேன் என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருபத்தாறு வயதில் பிரஷர் என்று தெரிந்தால் தொலைந்தது. கோயம்புத்தூரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், பெட்டியைக் கட்டு என்பார். இந்த வேலைக்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

தைலத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பினான்.

"அப்பாவுக்கு மாத்திரை வேண்டாங்களா தம்பி? தீர்ந்திருக்குமே."

கடைக்காரர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

முதல் தடவை டாக்டர் சீட்டை நீட்டியபோது, யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்று சொல்லக் கூச்சம். அப்பாவுக்கு என்று வாய் முந்திக்கொண்டது. அன்றிலிருந்து அப்பாவின் உடம்பை விசாரிக்காமல் அவர் மாத்திரை தந்ததில்லை. அந்த அப்பாவோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள்.

கடைக்காரர் இப்போதுதான் பெரியவரைக் கவனித்தார். முகச்சாயல் காட்டிக்கொடுத்துவிட்டது. வந்ததே வந்தீர்கள், ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

அப்பா அவனை ஒரு தடவை பார்த்தார். அவன் கையிலிருந்த தைலத்தையும் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டார்.

பட்டை இறுகியது. தளர்ந்தது.

நூற்றிருபதுக்கு எண்பது. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை நன்றாகக் கேட்கிறது, சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ஆபத்து என்றார்.

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு மாசத்துக்குச் சேத்தே குடுங்க."

வெளியே வந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்பா பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினார். மூடியைத் திருகித் திறந்தார்.

குடிக்காமல் அவனிடம் நீட்டினார்.