பின்னல் ஊசிக்குத் தடை

"இங்க எழுத்துக் கூட்டம் நடக்கறதா, இல்லே ஸ்வெட்டர் கம்பெனி நடக்கறதா?"

படித்து முடித்த தாள்களை மடியில் தட்டி அடுக்கியபடியே கேட்டாள் காமாக்ஷி மாமி. எல்லோரும் நிமிர்ந்தார்கள், முத்துமாரியைத் தவிர. அவள் கையில் ஊசிகள் டிக் டிக்கென்று மோதிக்கொண்டிருந்தன. மஞ்சள் கம்பளி உருண்டை சோஃபாவுக்கு அடியில் போய்க் கிடந்தது.

"உன்னைத்தாம்மா."

"என்னையா மாமி? கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்!"

டெல்லி துவாரகாவில் ஏகாம்பரம் சாரின் ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூடுகிற கூட்டம் அது. தமிழில் எழுத ஆசைப்படும் ஐந்து பேர். ஆளுக்குப் பத்து நிமிடம், எழுதியதைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

காமாக்ஷி மாமி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஜனவரியில் மூன்று சபதம் எடுத்தாள். நாவல் ஒன்று எழுதி முடிப்பது, வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்னுவது, மாதம் ஒரு புத்தகம் சும்மா சந்தோஷத்துக்காகப் படிப்பது. ஹோலி வருவதற்குள் ஸ்வெட்டர் பரணுக்குப் போயிற்று. மே மாத வெயிலில் புத்தகமும் போயிற்று. நாவல் மட்டும்தான் தாக்குப்பிடித்து நிற்கிறது. இரண்டைத் தியாகம் செய்தவள் என்கிற கர்வம் மாமிக்கு நிறையவே உண்டு.

முத்துமாரிக்கு ஏர்போர்ட்டில் ஷிஃப்ட் வேலை. கூட்டத்துக்கு வர ஆரம்பித்து மூன்று மாதம்.

"எல்லாத்தையும் ஒரே சமயத்துல கட்டிண்டு அழ முடியாதும்மா. எழுத்துன்னு வந்தா மத்ததை விட்டுத்தான் ஆகணும். நான் விடலையா?"

"எதை மாமி விடுறது? எழுதுறதை மெட்ரோவுல போன்லயே எழுதிருவேன். புஸ்தகம் டீ பிரேக்ல. பின்னுறதுக்குத்தான் நேரமே கிடைக்கல. என்கூட வேலை பாக்குற பிள்ளைக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்கப் போகுது. குளிர் வாரதுக்குள்ள முடிக்கணும்லா? இங்க காதுக்குத்தான வேலை. கை சும்மாதான இருக்கு?"

மாமிக்குச் சுருக்கென்றது. தன் நாவலைக் கேட்கிற நேரம் ஒருத்திக்குச் சும்மா இருக்கிற நேரமா!

"ஏகாம்பரம் சார், கூட்டத்துல பின்னல் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டுடுங்கோ. எழுதறவாளுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர் ஏகாம்பரம் சார்.

"அச்சா, அச்சா. அதைக் கடைசியில பேசிக்கலாமே. முதல்ல மாமியோட அத்தியாயம் எப்படின்னு சொல்லுங்க."

"அருமை!" என்றார் மதியழகன்.

"நடை பிரமாதம்," என்றான் அச்சுதன். "முக்கியமா அந்த... அந்த..." மடியில் இருந்த போனில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

மாமி முத்துமாரி பக்கம் திரும்பினாள். "கேட்டேன்னு சொன்னியே, நீ சொல்லு பார்ப்போம்."

வசமாக மாட்டிக்கொண்டாள் என்றுதான் மாமி நினைத்தாள்.

முத்துமாரி ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்.

"அந்த போஸ்ட்மாஸ்டர் இடது கைக்காரர்னு போன வாரம் படிச்சீங்க. இன்னைக்கு வலது கையால கையெழுத்துப் போடுதாரு. அப்புறம் வைதேகி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனது ஆடி மாசம்னு வருது. ஆடியில அவ தங்கச்சிக்கு எப்படிக் கல்யாணம் வைப்பாங்க? ஆவணின்னு மாத்திருங்க மாமி."

மாமி அவசரமாகத் தாள்களைப் புரட்டினாள். இரண்டும் சரி.

"ஆனா, அப்பா எழுதுன லெட்டரை வைதேகி பிரிக்காமலே பெட்டியில திரும்ப வைக்காள்லா... அந்த இடத்துல எனக்கு ஊசியில ரெண்டு கண்ணி நழுவிட்டு. இந்தா பாருங்க, அந்த வரிசையையே பிரிச்சுத் திரும்பப் போட்டிருக்கேன்."

மாமி பார்த்தாள். நாவலை ஆரம்பித்த பத்து மாதத்தில் எத்தனையோ 'அருமை', எத்தனையோ 'பிரமாதம்' கேட்டிருக்கிறாள். கண்ணி நழுவுகிற மாதிரி எழுதியிருப்பதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது.

"இத்தனையும் காதுல விழுந்துதாடி உனக்கு?"

"அதுக்குத்தான மாமி வாரேன்." முத்துமாரி கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கட்டா? போன வாரம் நான் ஒரு கதை படிச்சேன்லா? எல்லாரும் நல்லாருக்குன்னுட்டாங்க. நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அந்த முடிவு சரியா வந்திருக்கா மாமி?"

மாமி வாயைத் திறந்தாள். முடிவு என்ன, ஆரம்பம்கூட ஞாபகம் வரவில்லை. கதாநாயகி பேர் என்ன? கதாநாயகி என்று ஒருத்தி இருந்தாளா? முத்துமாரி படித்த அந்தப் பத்து நிமிடமும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டே, தன் மூன்றாவது அத்தியாயத்தில் பேனாவால் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

"இன்னொரு தரம் படிம்மா," என்றாள் மாமி மெதுவாக. "இந்தத் தரம் கேக்கறேன்."

ஏகாம்பரம் சார் நோட்டைப் பிரித்துக்கொண்டு தர்மசங்கடமாக நெளிந்தார்.

"மாமி, அப்போ அந்த ரூல்? எழுதிக்கட்டுமா?"

"கண்டிப்பா எழுதிக்கோங்கோ," என்றபடி தன் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள் மாமி. "ஒருத்தர் படிக்கறச்சே மத்தவா கையில பேனா இருக்கப்படாது. ஊசி இருக்கலாம்."