கரண்ட் இல்லாத பெட்டி

எங்கள் வெள்ளவத்தை வீட்டைச் சோதனை போட வந்த பொலிஸ் சார்ஜன்ட், பாட்டுக் கேட்கும் செற்றுக்கென்று அப்பா தன் கையால் செய்த பிறீஆம்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குக் கரண்ட் எங்கால வருது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கரண்ட் தேவையில்லை சேர். இது பசிவ். பாட்டில ஒண்டையும் கூட்டாது, வந்ததை அப்பிடியே அம்பிளிபயருக்கு விடும்" என்றார் அப்பா.

"கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்ப இது வேற என்னவோ!"

அப்பாவையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கரண்டில் ஓடும் அக்டிவ்தான் பாட்டைத் தூக்கிக் கொடுக்கும் என்று கொன்ஸ்ரன்ரைன் மாமா மூன்று வருடமாகச் சண்டை பிடித்தும் அப்பா மசியவில்லை. கேட்டிருந்தால் இந்த வினை வந்திருக்குமா?

பின்னேரம் நாலு மணிக்கு அப்பா நடந்து வந்தார். முகம் செத்திருந்தது.

"அடிச்சவங்களோ?" அம்மா ஓடினா.

"இல்லை. ஸ்ரேசன் பெரிய ஐயா அஞ்சு மணித்தியாலம் விசாரிச்சார்."

"ஏதும் ஒத்துக்கொண்டீங்களோ?"

அப்பா தலையைக் குனிந்தார். "ஓம்."

"ஐயோ, என்னத்தை?"

"அவரும் வீட்டில பாட்டுச் செற் வச்சிருக்கிறாராம். விடவே இல்லையப்பா... கடைசியா, அக்டிவ்தான் திறமெண்டு சொல்லிப்போட்டன்."