இரண்டாவது ஹெட்ஃபோன்

பாண்டிமீனா அதே சொல்லை மறுபடியும் தவறாக அடித்தாள்.

தமிழ்வாணி தன் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அந்த டாக்டர் ஃபிஃப்டீன்னுதான்டி சொல்றாரு. நீ ஃபிஃப்டின்னு போட்டிருக்க. நல்லவேளை, இது பழைய பதிவு. இல்லைன்னா அங்க ஒரு ஆளுக்கு மருந்தோட அளவே மாறிப்போயிருக்கும்."

"சாரிக்கா. இன்னொருக்கா கேட்டுக்கிறேன்."

அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வதுதான் கே.கே. நகரிலிருந்த அந்த அலுவலகத்தின் வேலை. கல்லூரி முடித்ததிலிருந்து வாணிக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். மீனா கேட்கும் பதிவில் பேசும் இந்த டாக்டர் இளைஞராக இருந்தபோது பேச்சுக்குப் பின்னால் ஒரு நாய் குரைக்கும். இப்போது நாய் இல்லை. இருமல் இருக்கிறது.

இனி இந்த வேலை வாடிப்பட்டிக்குப் போகிறது. அங்கே ஒரு காண்ட்ராக்டர் குறைந்த சம்பளத்துக்கு ஆட்களைப் பிடித்திருக்கிறார். மீனா அவர்களில் ஒருத்தி. அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வாணிக்கு.

தன் கதி என்ன என்று கேட்டால், "ட்ரெயினிங் முடியட்டும்மா, பேசுவோம்" என்பார் மேனேஜர்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இன்றைக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்றிருக்கும். சாயங்காலம், இன்றைக்கும் சொல்லவில்லையே என்றிருக்கும்.

மீனா பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வாணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். முன்பெல்லாம் அங்கிருந்து பார்த்தால் வண்டியூர்க் கண்மாய் தெரியும். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரின் சுவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரண்ட் நின்று நின்று வரும். ஜெனரேட்டர் போடுவதற்குள் பெண்கள் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார்கள். யாராவது ஒருத்தி கீழே போய் சூடாக பஜ்ஜி வாங்கி வருவாள். எண்ணெய் ஊறிய காகிதத்தைச் சுற்றிக் கைகள் மொய்க்கும்.

அப்போது அமெரிக்காவிலிருந்து டோனா என்ற பெண்மணி போனில் வேலை கற்றுக்கொடுப்பார். உன் ஜன்னலில் என்ன தெரிகிறது என்று ஒருநாள் கேட்டார். கண்மாய் என்றாள் வாணி. என் ஜன்னலில் பனி என்றார் டோனா.

வாணி எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டாள். இத்தனை வேகமாகக் கற்ற பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று டோனா சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

கொஞ்ச நாளில், "இனி உனக்கு நான் தேவைப்படமாட்டேன்" என்றார் டோனா. மறுநாள் போனை வேறு யாரோ எடுத்தார்கள். லீவில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் வாணி.

மீனாவைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்களே, அன்றைக்குத்தான் டோனா எங்கே போனார் என்று வாணிக்குப் புரிந்தது.

டீ குடித்துவிட்டு வாணி திரும்பி வந்தபோது மீனா அவளைக் கவனிக்கவில்லை.

மேசையில் கிடந்த வாணியின் ஹெட்ஃபோனில் டாக்டரின் குரல் எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மீனாவின் விரல்களும் நிற்கவில்லை. திரையில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. வாணி பின்னால் நின்றபடியே படித்தாள். ஒரு பிழை இல்லை. பதினைந்து, பதினைந்தாகவே இருந்தது.

மேனேஜரின் அறைக்கதவு திறந்தது.

மீனா சட்டென்று திரையில் மேலே போய்ப் பதினைந்தை ஐம்பதாக்கினாள். கீழே இன்னும் இரண்டு சொற்களைக் கெடுத்தாள்.

மேனேஜர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இன்னும் தேறலையா?" என்று வாணியிடம் சலித்துக்கொண்டு போனார்.

வாணி நாற்காலியை இழுத்து அவள் அருகே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் வருதுல்லடி உனக்கு?"

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். "வருதுக்கா."

"பெறகு ஏன்டி இப்படிப் பண்ற? மாசக் கடைசிக்குள்ள படிக்கலைன்னா உன்னைய அனுப்பிருவாங்க, தெரியும்ல?"

"மாசக் கடைசிக்குத்தானக்கா. அன்னைக்கு எல்லாத்தையும் சரியா அடிச்சுக் காட்டிருவேன்." மீனா இரண்டாவது ஹெட்ஃபோனை எடுத்து அவளிடம் நீட்டினாள். "இன்னைக்கே காட்டுனா, உங்கள இன்னைக்கே போகச் சொல்லிருவாங்கல்லக்கா?"