நான் இல்லை

“எதை உடைச்சாலும் ‘நான் இல்லை’ன்னே சாதிக்கிறா, சாமி. நடத்தைக் கோளாறுங்கறார் டாக்டர்” என்று புலம்பினாள் அம்மா. மகளோ விகாரைத் தூணில் பாதி ஏறியிருந்தாள்.

இளம் பிக்கு காவிப் போர்வைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு சிரித்தார்.

“‘நான்’னு ஒண்ணு இல்லவே இல்லைம்மா. புத்தர் சொன்னதே அதான். நாங்க வருஷக்கணக்கா உக்காந்தும் பிடிபடாத ஞானம், உங்க பொண்ணுக்குப் பிறவியிலேயே வந்திருக்கு!”

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

உள்ளேயிருந்து தலைமை பிக்குவின் குரல் இடிபோல் வந்தது: “என் டீ கோப்பையை உடைச்சது யாரு?”

அம்மா பதறி மகளைப் பார்த்தாள். அவள் தூணை விட்டு இறங்கவே இல்லை.

“நான் இல்லை!” என்று துள்ளி எழுந்தார் இளம் பிக்கு. போர்வைக்குள்ளிருந்து கோப்பையின் கைப்பிடி ‘ணங்’கென்று தரையில் விழுந்தது.

தூணிலிருந்தே கத்தினாள் மகள்: “அம்மா, சாமிக்கும் ஞானம் வந்துடுச்சு!”