ரவுனோ கொட்டிய பனி

நேற்று சாயங்காலம் தைமி இடுப்பொடியத் தோண்டி வெளியே எடுத்த கார், காலையில் மறுபடியும் பனிக்குள் போயிருந்தது. கூரையும் ரேடியோ கம்பியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவள் பனிவாரியை வீசிவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

"அந்த டிராக்டர்காரன் வேணும்னே பண்றான். இவ்வளவு பெரிய முற்றத்துல, வாரின பனியையெல்லாம் கொண்டாந்து நம்ம கார் மேலதான் கொட்டணுமா?"

"ரவுனோவுக்குத் திமிரு," என்றார் அவள் கணவர் எய்னோ, காப்பி ஊற்றிக்கொண்டே. காப்பி கோப்பையைத் தாண்டி மேசையில் வழிந்தது. அதற்கும் சேர்த்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தைமியின் கோபம் இன்று நேற்று வந்தது அல்ல. முதல் பனி விழுந்த வாரமே எய்னோ, இந்தக் குளிர்காலம் முழுக்கக் காரை எடுக்கப்போவதில்லை, முற்றத்திலேயே நிற்கட்டும் என்று அறிவித்துவிட்டார். பழைய வண்டியாம், பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பு அடித்தகட்டை அரித்துவிடுமாம். பேட்டரியைக் கழற்றி அடுப்படி மூலையில் வைத்தார். எலி புகாமல் இருக்கப் புகைக்குழாயில் இரும்பு நாரைத் திணித்தார்.

ஆயுள் முழுக்க வடகோடி லாப்லாந்துக் காடுகளில் மரலாரி ஓட்டிய மனுஷன், உப்புக்குப் பயப்படுகிறாராம். தைமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஏரிக்கு அக்கரையில், கெமியார்வி நகரத்து முதியோர் இல்லத்தில் அவளுடைய தங்கை ஹில்க்கா இருந்தாள். பக்கவாதம் வந்தபிறகு ஹில்க்காவுக்கு அடையாளம் தெரிகிற ஒரே முகம் தைமியுடையதுதான். ஞாயிறுதோறும் போய்த் தலைவாரி விட்டு, கூடவே உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. பக்கத்து வீட்டில் கெஞ்சி இரண்டு தடவை போனாள், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் சாப்பாட்டு மேசையிலேயே சண்டை போட்டாள். உங்களுக்கு என் தங்கச்சியைவிட அந்தத் தகரம்தான் பெருசு என்று சொன்னாள். எய்னோ தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, சரி, வர்ற ஞாயிறு போகலாம் என்றார். பேட்டரி திரும்பக் காருக்குப் போனது.

அந்த வாரம்தான் பெரிய பனி கொட்டியது. ஊர் முற்றங்களில் பனி தள்ளுகிற ரவுனோ, அத்தனையையும் கார் மேல் ஏற்றிவிட்டுப் போனான். அவள் தோண்டினாள், அவன் மூடினான். பக்கத்து வீட்டுக் காரின் மேல் ஒரு கைப்பிடி பனிகூட அவன் போட்டதில்லை.

எய்னோ தோண்ட வந்ததே இல்லை, முதுகு வலி என்றார். ஆனால் ரவுனோவைத் திட்டுவதில் மட்டும் மனைவியை மிஞ்சினார்.

அடுத்த பனி விழுந்த காலையில் தைமி கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தாள். டிராக்டர் உள்ளே நுழைந்ததும், பனிவாரியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணிமையில் உறைபனி ஒட்டியிருந்தது. நகர்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ரவுனோ என்ஜினை நிறுத்தாமலே இறங்கி வந்தான். அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும் என்பதால், அவன் அப்பாவிலிருந்து தொடங்கித் திட்டினாள். அங்கே ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், அவள் செத்துப்போனால் நீதான் காரணம் என்றாள். அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

அவள் பனிவாரியைக் கார் பக்கம் நீட்டினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இவ்வளவு பெரிய கார் நிக்குது, உனக்கென்ன கண்ணு தெரியலையா?"

ரவுனோ தலை நிமிர்ந்தான்.

"எனக்குத் தெரியுதும்மா," என்றான் மெல்ல. "ஐயாவுக்குத்தான் தெரியல."

அவள் பனிவாரியைத் தாழ்த்தினாள்.

பனி விழுவதற்கு முந்தைய மாதம் எய்னோ கடைக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரம் நின்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பனியில் வழி தெரிவதற்காக நட்ட கம்பம் என்று நினைத்துவிட்டாராம். பின்னால் வந்த ரவுனோ ஹாரன் அடித்திருக்காவிட்டால் அவள் மேலேயே ஏற்றியிருப்பாராம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதாராம். கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் ரவுனோவைத் தேடிப்போய், காரை வெளியே எடுக்க முடியாமல் செய்துவிடு, வீட்டில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"என்னை எப்படி வேணா திட்டிக்கோங்கம்மா. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

தைமி திரும்பிப் பார்த்தாள். எய்னோ கதவைத் திறந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் இருவரும் நின்ற பக்கம் அவர் பார்க்கவில்லை. இரைந்துகொண்டிருந்த டிராக்டரின் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டார்.

"சொன்னா கேக்க மாட்டேங்கிறான், தடிமாடு," என்று தைமி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "நீங்க உள்ள போங்க, குளிருது."

கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு காரைவிட்டு விலகி, ரவுனோவுக்கு வழிவிட்டாள்.

"கூரை இன்னும் தெரியுது. அதையும் மூடிட்டுப் போ."