முதல் வாய்த் தண்ணீர்

உச்சி வெயில் புதுக் கிணற்றுக்குள் நேராக இறங்கி, நாற்பதடி ஆழத்தில் சுரந்து நிற்கும் தண்ணீரில் தகடாக மின்னுகிறது. நரிக்குடிக்குத் தெற்கே இந்த ஊரில் மிஷன் வெட்டிய முதல் இரண்டு கிணறுகளும் உப்பு. இதுவும் கரித்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். கிணறு வெட்டக் காரணமானவருக்கே முதல் வாய் என்பது ஊர் வழக்கம் என்பதால், வெட்டி முடித்து உள்ளே நிற்கும் நல்லமுத்துகூடத் தண்ணீரை நாக்கில் வைக்கவில்லை. அவன் கயிற்றில் கட்டி அனுப்பிய செம்பு, சுழன்றபடி மேலே வருகிறது. மேலே கயிற்றை இழுக்கும் ஊர்க்காரி மாயக்காள் அதை அவிழ்த்து, பெல்ஜியத்திலிருந்து வந்து ஏழே மாதமான சிஸ்டர் யோஹன்னாவிடம் நீட்டுகிறாள். சிஸ்டர் ஊர்க்காரர்களைப் போலவே அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறாள். பாதி வாய்க்குள் போகிறது, மீதி மூக்கில் ஏறிக் கன்னத்தில் வழிகிறது. இருமல் அவளைப் பேசவிடவில்லை. "நல்ல தண்ணியா, உப்பா? சொல்லுங்க சிஸ்டரம்மா!" பொறுக்கமாட்டாமல் மாயக்காள், அந்தச் சிவந்த கன்னத்து ஈரத்தை விரலால் வழித்துத் தன் நாக்கில் வைக்கிறாள். "ஐயோ, கரிக்குதே!" சுற்றி நிற்பவர்கள் தலையில் கைவைக்கிறார்கள். சிஸ்டரோ இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் செம்பை அவள் கையில் திணிக்கிறாள். "அது என் வேர்வை, மாயக்கா! இதைக் குடிங்க." மாயக்காள் அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், செம்பு காலியாகும்வரை மடக்மடக்கென்று குடிக்கிறாள். வாயைத் துடைக்கவும் மறந்து, கிணற்றுக்குள் குனிந்து குலவையிடுகிறாள். ஆழத்திலிருந்து கிணறும் குலவையிடுகிறது.