பிரிக்காத கவரில் ஒரு திருகுசாவி

எங்கள் சபையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் செல்வின், போன ஈஸ்டருக்கு மறுநாள் எனக்குச் சொன்னது இது.

மலிவாக வாங்கின பேஸ் கிட்டார் ஒன்று, மீட்டும்போதெல்லாம் கரகரவென்று இரைந்தது. சாயங்காலம் கடைக்கே திருப்பிவிடுவதென்று முடிவாயிற்று.

"நீ விறைச்சுக்கிட்டு நிக்கிற, நான் இடிக்கிறேன்," என்றது தடித்த கம்பி, கிட்டாரின் கழுத்தைப் பார்த்து.

"நீ போடுற ஆட்டத்துக்கு நானா பொறுப்பு?" என்றது, கம்பிகள் ஓடும் அந்த நீள மரக்கழுத்து.

அட்டைப்பெட்டியில், கவர்கூடப் பிரிக்காமல் கிடந்த திருகுசாவி, "அண்ணே, என்னைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தது.

"பெரியவங்க பேசுறோம்ல!" என்றன இரண்டும்.

சாவி கவருக்குள்ளேயே ஜெபம் பண்ணியது.

திருப்பி அனுப்பப் பெட்டியைக் கவிழ்த்தபோது சாவி கீழே விழுந்தது. வாங்கினவர் எடுத்துக் கவரைப் பிரித்து, கழுத்துக்குள் இருக்கும் திருகாணியில் விட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினார். கழுத்தின் விறைப்பு குறைந்தது; இரைச்சல் நின்றது.

"நான்தான் விட்டுக்கொடுத்தேன்," என்றது கழுத்து.

"நான்தான்," என்றது கம்பி.

சாவி மறுபடியும் பெட்டிக்குள் போனது.

புதுசாக எது வாங்கினாலும், பெட்டியை எறியுமுன் ஒருதரம் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.